ரெண்டு கையும் மேசைமேல்

பிரவீன்குமாரின் வாய்ஸ் நோட் வந்து விழுந்தபோது அன்புச்செல்வி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் கீற்றுக் கொட்டகை. அந்தப் பக்கம் அப்பா நாகராசு வறுத்துக் கொட்டுவார். கரும்புகை எழும்பி, தஞ்சாவூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தவனையெல்லாம் தும்மவைக்கும். இந்தப் பக்கம் அம்மா திலகவதியும் இவளும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். ஒரே தட்டு. ஓடு பிளக்கணும், பருப்பு உடையக் கூடாது. அந்த வீட்டிலேயே முதல்முதலாகக் கல்லூரிப் படியேறிக் கணக்கில் டிகிரி வாங்கிய கை, குரூப் ஃபோர் எழுதிவிட்டு ரிசல்ட் வருகிறவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தட்டிக்கொண்டிருந்தது.

வாய்ஸ் நோட் வந்தது ‘புதுகை பிளிட்ஸ்’ குரூப்பில். மாவட்டத்தில் போனில் வேகச் செஸ் ஆடுகிறவர்களெல்லாம் அதில் இருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். அதற்குள் எதிராளியை முடிக்கணும், இல்லாவிட்டால் கடிகாரம் நம்மை முடித்துவிடும். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒரு லீக் வைத்து, முதல் நாலு இடம் பிடிக்கிறவர்களை மாவட்ட டீமாக மாநிலப் போட்டிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அன்புச்செல்வி நாலாவது. கடைசி ரவுண்டில் பாலாஜியை அடித்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தாள். இன்ஜினியரிங் படிக்கிற பாலாஜி அதனால் ஐந்தாவதாக இறங்கினான். பாலாஜிக்குக் கோச் பிரவீன்குமார். புதுக்கோட்டையில் அகாடமி வைத்திருக்கிறவர்.

“வணக்கம் பிளேயர்ஸ். நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா கடைசி ரவுண்டு வீடியோவ எல்லாரும் ஒரு தடவ பாத்துருங்க. ஒரு பிளேயரோட வலது கை ஆட்டம் முழுக்க மேசைக்கு அடியிலயே இருக்கு. நாலு மாசம் முன்னாடி வரைக்கும் எண்ட்கேம்னா என்னன்னே தெரியாத பிளேயர், திடீர்னு கம்ப்யூட்டர் மாதிரி ஆடுறாங்க. மேசைக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதற்கும் கீழே, லீக் நடத்துகிற சுகுணா மேடத்தின் ஒற்றை வரி: அன்புச்செல்வியின் முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது, டீம் பட்டியல் அடுத்த வாரம்.

“என்னத்தா, மூஞ்சி இப்பிடிச் செவக்குது?” என்றாள் திலகவதி. “எண்ணெ கிண்ணெ தெறிச்சிருச்சா?”

“எண்ணெ இல்லம்மா. ஒரு ஆளு தெறிச்சிருக்கான்.”

அடுத்த கொட்டையை அவள் தட்டிய தட்டில் பருப்பு நாலு துண்டாகப் போனது.

*

அவள் ஆட்டம் அப்படித்தான் இருந்தது ஒரு காலத்தில். பருப்பையும் சேர்த்து உடைக்கிற ஆட்டம்.

காலேஜில் பக்கத்து பெஞ்சு ஷர்லிதான் முதலில் காய் நகர்த்தக் காட்டியவள். ஷர்லி அறந்தாங்கிக்காரி. அவள் அப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய பெரிய போனில், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பின் கடைசி வரிசையில், ரெண்டு பேரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். அன்புச்செல்வி ஆறே வாரத்தில் ஷர்லியை அடிக்க ஆரம்பித்தாள். பிறகு ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் அடித்தாள். ஆப்பில் அவள் வைத்துக்கொண்ட பெயர் ‘முந்திரிக்கொட்டை’. எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிறாள் என்று வாத்தியார்கள் வைத்த பட்டம் அது. திட்டாகச் சொன்னார்கள், இவள் எடுத்துப் பொட்டு மாதிரி வைத்துக்கொண்டாள்.

ஆட்டமும் பெயருக்கேற்ற ஆட்டம். குதிரை ரெண்டும் எகிறும், ராணி நாலாவது நகர்த்தலிலேயே வாசலைத் தாண்டும், எதிராளி ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டினால் இவள் பிஷப்பைத் தூக்கிக் கதவில் எறிவாள். கொடுத்த பிஷப்புக்குக் கணக்கெல்லாம் கிடையாது. அவன் மிரண்டால் போதும். மிரண்டவனுக்கு நேரம் ஓடும், நேரம் ஓடினவனுக்குக் கை நடுங்கும், கை நடுங்கினவனுக்கு மேட்.

“நீ ஆடுறது செஸ் இல்லடி, வழிப்பறி” என்பாள் ஷர்லி.

“பறிச்சாச்சுல்ல? அப்பறம் என்ன?”

ஆனால் பறி கொடுக்காத ஆட்களும் இருந்தார்கள். பிஷப்பை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாந்தமாக ஒவ்வொரு காயாக மாற்றி, பலகையைக் காலி பண்ணி, ராஜாவும் நாலு சிப்பாயும் மிஞ்சுகிற இடத்துக்கு ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே இவள் செத்தாள். ஒவ்வொரு தடவையும் செத்தாள். ரேட்டிங் ஒரு இடத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு வருஷம் அசையவே இல்லை.

போன மாசி மாதம் ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்தது. மற்றவர்கள்மேல் வருகிற கோபம் எப்போதும் கைவசம் இருந்தது. இது தன்மேலேயே வந்தது. தோற்ற ஆட்டங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க விஷயம் புரிந்தது. ஆட்டத்தின் கடைசியில், யோசிக்கவே தேவையில்லாத நகர்த்தலுக்குக்கூட ரெண்டு நொடி, மூன்று நொடி போயிருந்தது. மூளை போட்டுவிட்டது. விரல் போடவில்லை.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பல் தொட்டுக்கொண்டாலும் தின்னும். வலது கைதான் கொட்டையைப் பிடித்துத் திருப்பும் கை, கட்டை இவளுக்கு இடது கையில். ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்த வேலை. விரல் நுனியெல்லாம் உரிந்து, கறுத்து, காய்த்து, மறுபடி உரிந்து, ரேகை என்று ஒன்று அங்கே இல்லை. ரேஷன் கடையில் திலகவதிக்கும் இதே கதைதான். மெஷினில் விரலை வைத்தால் விழாது. “துடைச்சுட்டு வைம்மா, துடைச்சுட்டு வைம்மா” என்று அந்த ஆள் கத்துவான், எதைத் துடைப்பது? போன் திரையும் ரேஷன் மெஷினின் தங்கச்சிதான். காய்த்துத் தடித்த தோல் நாலு தடவை தொட்டால் ஒரு தடவை கேட்காது. இருபது நகர்த்தலில் முடிகிற ஆட்டத்தில் அது தெரியவில்லை. அறுபது எழுபது என்று இழுக்கிற ஆட்டத்தில் அதுவே ஆளைக் கொன்றுவிட்டது. அவள் ஏன் எப்போதும் அடித்துப் பிடுங்கியே ஆடினாள் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்கே புரிந்தது. அவள் குணம் பாதி, விரல் பாதி.

சரி, விரலை மாற்று.

கட்டை பிடிக்கிற இடது கையில் மோதிர விரல் மட்டும் சற்றே தள்ளி நிற்கும், எண்ணெய் படாது. அதில் ரேகை இருந்தது. அந்த ஒற்றை விரலால் ஆடப் பழகினாள். முதலில் யாரோ ஒருத்தர் விரலை இரவல் வாங்கின மாதிரி இருந்தது. குதிரையை வைக்கிற இடத்தில் வைக்காமல் பக்கத்தில் வைத்தாள். ரேட்டிங் சரிந்தது, ஷர்லி துக்கம் விசாரிக்கிற குரலில் போன் பண்ணினாள். காயை இழுத்துக்கொண்டு போவதை விட்டாள். காயை ஒரு தொடு, கட்டத்தை ஒரு தொடு. எதிராளி யோசிக்கிற நேரத்தில் தன் யோசனையை முடித்துக்கொண்டாள். அவன் இதைத்தான் ஆடுவான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அவன் ஆடும் முன்பே தன் பதிலைத் தொட்டு வைத்துவிடுவாள். ப்ரீமூவ். அதற்கு நேரமே கழியாது.

அப்புறம் எண்ட்கேம் என்கிற அந்தக் கடைசிக் கட்டம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுகிற இடம். ரெண்டு ராஜாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், யார் நகர வேண்டியவரோ அவருக்குத்தான் கேடு. புத்தகத்தில் அதற்கு என்னென்னவோ பெயர். அவளுக்கு அது வரப்பு. ஒற்றை வரப்பில் எதிரும் புதிருமாக ரெண்டு பேர் வருகிறார்கள். எவன் முதலில் காலைத் தூக்குகிறானோ அவன்தான் சேற்றில் இறங்கணும். இது பிடிபட்டதும் மற்றதெல்லாம் கணக்கு. கணக்கு அவளுக்குப் புதுசா? கொட்டை தட்டுகிறபோது மனசுக்குள் சிப்பாயை நடக்கவிட்டு, அது கடைசி வரிசைக்குப் போய் ராணியாகுமா, வழியில் மாட்டுமா என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். ஆனி பிறந்தபோது ரேட்டிங் பழைய உச்சியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

இதைத்தான் அந்த ஆள் ‘திடீர்னு’ என்று சொன்னான்.

*

சுகுணா மேடம் மறுநாள் காலையில் போன் பண்ணினார். நல்ல மனுஷிதான். எல்லோரிடமும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிற நல்ல மனுஷி.

“அன்பு, நான் சொல்றத கோவப்படாம கேளும்மா. இந்த வருஷம் நீயா விலகிக்கிட்டேன்னு ஒரு மெசேஜ் போட்டுரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பேரு கெடாது.”

“விலகுனாத்தான் மேடம் பேரு கெடும். திருடலன்னா ஏன் ஓடுறான்னு கேக்க மாட்டாங்களா?”

“சரி, வலது கை எங்கம்மா இருந்துச்சு? அத மட்டும் சொல்லிரு, முடிஞ்சுது.”

சொல்ல முடியாத விஷயம் ஒன்றுமில்லை. மடியில் இருந்தது. துப்பட்டாவுக்கு அடியில். காலேஜ் சேர்ந்த புதிதில் ஒருத்தி, இவள் நீட்டிய ரெக்கார்டு நோட்டை வாங்காமல், “மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு” என்று தள்ளி உட்கார்ந்தாள். அன்றைக்கு உள்ளே போன கை. மூன்று வருஷம் பஸ்ஸில், வகுப்பில், கான்டீனில், கல்யாண வீட்டில், அது தானாகவே துணிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கேமராவுக்கு முன்னாலும் போய்ப் படுத்துக்கொண்டது. வாய்தான் ஊரை அடிக்கும், கை ஒளிந்துகொள்ளும். இதைச் சுகுணா மேடத்திடம் போனில் சொல்லிப் பரிதாபம் வாங்க அவளுக்கு இஷ்டமில்லை.

“அந்தப் பாலாஜியையும் என்னையும் நேர்ல உக்கார வைங்க மேடம். அதே போன், அதே மூணு நிமிஷம். அவங்க அகாடமியிலயே வச்சுக்கங்க, எனக்கு ஒண்ணுமில்ல.”

மத்தியானம் பதில் வந்தது. பிரவீன்குமாருக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஆட்டம். பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு நிபந்தனை: ஆட்டம் முடிகிறவரைக்கும் ரெண்டு கையும் மேசைமேல் தெரிய இருக்கணும்.

ஷர்லி கேள்விப்பட்டதும் குதித்தாள். “அடியே, ஞாயித்துக்கெழம வரைக்கும் கொட்டையத் தொடாத. தேங்காண்ணெய போட்டு ஊற வையி. கொஞ்சமாச்சும் பாக்குற மாதிரி ஆவும்.”

திலகவதியும் அதையேதான் சொன்னாள். “நீ வராதத்தா. நானும் அப்பாவும் பாத்துக்கிறோம். நாலு நாளு ஆறட்டும்.”

அன்புச்செல்வி அன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட கையைக் கழுவாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கழுவினாள். காலையில் வழக்கம்போலக் கொட்டகையில் வந்து உட்கார்ந்து சாம்பல் சட்டியை இழுத்துக்கொண்டாள்.

“ஏண்டி, சொன்னாக் கேக்க மாட்டியா?”

“கை நல்லாயிருச்சுன்னா, நல்லா இருக்குற கையை ஏன் ஒளிச்சேன்னு கேப்பான்ம்மா. இதுதான் என் சாட்சி. ஆறவிட்டா சாட்சி போயிரும்.”

திலகவதி தன் பக்கம் இருந்த குவியலில் கொஞ்சம் இவள் பக்கம் தள்ளினாள். “அப்ப நல்லாவே ஒட” என்றாள்.

*

அகாடமி ஒரு மொபைல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஏசி. சுவரெல்லாம் கோப்பை. நாற்காலிகளில் பெற்றோர்கள், பிள்ளைகள், குரூப்பில் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள். ரெண்டு ஆட்டக்காரர்களின் போன் திரையும் சுவரில் பெரிதாகத் தெரிய ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். அன்புச்செல்வி ஷர்லியோடு உள்ளே வந்து, யாரையும் பார்த்துச் சிரிக்காமல், நேராகப் போய் உட்கார்ந்தாள். எதிரே பாலாஜி. மெலிந்த உடம்பு, கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. அவனுக்கே இதெல்லாம் கூச்சமாக இருந்தது மாதிரி தெரிந்தது.

“வணக்கம்க்கா” என்றான்.

“வணக்கம்.”

“ரெண்டு கையும் மேலம்மா” என்றார் பிரவீன்குமார், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் பக்கத்தில் நின்றபடி.

அவள் துப்பட்டாவை விலக்கி வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கறுத்து, உரிந்து, வெடித்து, விரலுக்கு விரல் வேறு நிறம். முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மா தன் பிள்ளையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். பிரவீன்குமாரும் ஒரு அடி நகர்ந்தார்.

“என்னம்மா இது? ஒட்டிக்கிற மாதிரி ஏதாச்சும்…”

“ஒட்டாது சார். தீவாளிக்கு முந்திரிக் கேக்கு வாங்கித் திங்கிறீங்கல்ல? அதுல கெடக்குற பருப்புக்கு ஓடு ஒடச்ச கை.”

பின்வரிசையில் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். ஷர்லியாக இருக்கும்.

“அதுக்காக கேமராவுல மறைக்கணுமா?” பிரவீன்குமார் விடவில்லை. “வலது கை இருக்கையில இடது கையில ஆடுறதுக்கு என்ன அவசியம்?”

“மேடம், ஒங்க போனக் கொஞ்சம் குடுங்க” என்றாள் அன்புச்செல்வி. சுகுணா மேடம் தயங்கிக் கொடுத்தார். படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, வலது ஆள்காட்டி விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோடு விட்டுவிட்டு விழுந்தது, எறும்பு போன தடம் மாதிரி. அதற்குக் கீழே இடது மோதிர விரலால் இன்னொன்று. அது ஒரே இழுப்பில் முழுசாக விழுந்தது. போனை பிரவீன்குமார் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதுதான் மேசைக்கு அடியில இருந்துச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேட்டீங்கல்ல? சொல்லிட்டேன்.”

அவர் ரெண்டு கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “கை சரிம்மா. ஆட்டம்? எண்ட்கேம்? அது இந்தக் கையில வந்துருமா?”

“அதுக்குத்தானே சார் வந்துருக்கேன். தள்ளிக்கங்க, வெளிச்சம் மறைக்குது.”

முதல் ஆட்டம்.

அவள் தோற்றாள். சும்மா தோற்கவில்லை, அசிங்கமாகத் தோற்றாள். கண் பலகையில் இருந்தாலும் மனசு மேசைமேல் கிடந்த வலது கையில் இருந்தது. அத்தனை பேர் கண்ணும் அதில் ஊர்வது தோலில் தெரிந்தது. வந்த ஆத்திரத்தில் பழைய ஆட்டம் வந்துவிட்டது. ராணி வெளியே ஓடியது, பிஷப் கதவில் மோதியது. பாலாஜி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பிஷப்பை வாங்கி ஓரமாக வைத்தான். இருபத்தைந்து நகர்த்தலில் அவளிடம் பலகையில் அடிக்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“நாலு மாசம் முன்னாடி இருந்த பிளேயர்” என்றார் பிரவீன்குமார், தனக்குள் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஷர்லி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். “முந்திரிக்கொட்ட” என்றாள் காதுக்குள். “இன்னைக்கு அவனையா அடிக்க வந்த, இல்ல இந்த ஆளையா? இந்த ஆளு பலகையிலயே இல்லடி.”

உண்மைதான். அந்த ஆள் பலகையில் இல்லை. அன்புச்செல்வி தண்ணீரைக் குடித்தாள். வலது கையைப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கிடந்தது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், கண்ணு வலித்தால் நிறுத்துவார்கள். போன் திரையைச் சுரிதாரில் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு நிமிர்ந்தாள்.

ரெண்டாவது ஆட்டத்தில் அவள் எதையும் எறியவில்லை. பாலாஜி தாக்குதல் வரும் வரும் என்று ராஜாவைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டே இருந்தான். வரவில்லை. வராத தாக்குதலுக்கு அவன் நேரம் கரைந்தது. அவன் யோசிக்க யோசிக்க இவள் தன் யோசனையை முடித்து வைத்தாள். யானையும் யானையும் மாற்றிக்கொண்டார்கள், குதிரையும் குதிரையும் மாற்றிக்கொண்டார்கள். மிஞ்சியதில் இவளுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பாலாஜிக்குச் சிவப்பு எழுத்தில் நேரம் மின்னியது, கொஞ்ச நேரத்தில் பூஜ்யத்தில் நின்றது, ஆட்டம் இவளுக்கு. அறையில் யாரும் கை தட்டவில்லை. ஆனால் பார்வை இப்போது கையில் இல்லை, சுவரில் இருந்தது.

மூன்றாவது ஆட்டம்தான் ஆட்டம்.

பாலாஜி இந்தத் தடவை விழித்துக்கொண்டான். வேகமாக ஆடினான், நன்றாகவும் ஆடினான். நடு ஆட்டத்தில் அவனுக்குத்தான் கை ஓங்கியிருந்தது. இவள் ஒவ்வொரு கட்டமாகப் பின்வாங்கி, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆளுக்கு ஒரு யானை, கொஞ்சம் சிப்பாய்கள் என்று ஆனபோது நேரம் ரெண்டு பேருக்குமே அரை நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. அவசரத்தில் பாலாஜி ஒரு சிப்பாயை விட்டான். இவள் கவ்வினாள்.

அப்போது அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. யானையைச் சிப்பாயோடு மோதவிட்டால் ராஜாவுக்குச் செக், செக், மறுபடி செக். துரத்தலாம். பார்க்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். பழைய முந்திரிக்கொட்டை துள்ளிக்கொண்டு எழுந்தது. விரல் யானைமேல் போய் நின்றது.

கூடவே இன்னொரு வழியும் தெரிந்தது. யானைக்கு யானை மாற்றிவிடு. எல்லோருக்கும் சப்பென்று போகும். மிஞ்சுவது ரெண்டு ராஜா, இவளுக்கு ரெண்டு சிப்பாய், அவனுக்கு ஒன்று. ஒரு வரப்பு.

அவள் கொட்டகையில் எத்தனையோ முறை எண்ணிய கணக்கை ஒரு தடவை எண்ணினாள். மாற்றிக்கொண்டால் அவனுடைய ராஜாவும் தன்னுடையதும் நேருக்கு நேர் வந்து நிற்கும். நகர வேண்டியது யார்?

அவன்.

யானையைத் தொட்டாள். கட்டத்தைத் தொட்டாள். ஏசி குளிரிலும் விரல் வியர்த்திருந்தது, தொட்டது விழவில்லை. நொடி ஓடியது. பின்னாலிருந்து ஷர்லி மூச்சை இழுப்பது கேட்டது. விரலை மேசைமேலேயே, வலது கைச் சுரிதார்த் துணியில் ஒரு தேய் தேய்த்து மறுபடி தொட்டாள். யானை பாய்ந்தது. பாலாஜிக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை. அவன் வாங்குவான் என்று தெரிந்ததால் அவள் பதில் முன்பே தொட்டு வைத்திருந்தாள். டக். டக். பலகை காலி. ரெண்டு ராஜாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு முகத்துக்கு முகம்.

பாலாஜி பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குக் கடைசி ரவுண்டிலும் இதே இடத்தில்தான் அவன் மாட்டியிருந்தான். வலப்பக்கம் காலைத் தூக்கினான். இவள் ராஜா இடப்பக்கமாக நுழைந்தது. பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. மோதிர விரல் மட்டும் மழைத்துளி விழுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நகர்த்தலையும் அவன் ஆடும் முன்பே வைத்தாள், கடிகாரம் அவள் பக்கம் நகரவே மறந்துவிட்டது. சிப்பாய் நடந்து, நடந்து, கடைசிப் படியேறி ராணியானது. பாலாஜி போனைக் கவிழ்த்து வைத்தான்.

“நீங்கதான்க்கா ஆடுனீங்க” என்றான். அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னான். “அன்னைக்கும் நீங்கதான். இது கம்ப்யூட்டர் இல்ல சார். எந்தக் கம்ப்யூட்டராச்சும் மொத ஆட்டத்துல பிஷப்ப அப்பிடித் தூக்கிப் போடுமா?”

அறை சிரித்தது. அன்புச்செல்விக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சுகுணா மேடம் அங்கேயே உட்கார்ந்து குரூப்பில் பட்டியலைப் போட்டார். நாலாவது பெயர் அன்புச்செல்வி. ஆதனக்கோட்டை என்று ஊரையும் சேர்த்துப் போட்டார். பிரவீன்குமார் கையை நீட்டி, “வாழ்த்துகள்ம்மா. நல்ல டேலண்ட். ஏதோ ஒரு சந்தேகம், கேட்டோம். மனசுல வச்சுக்காத” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். நீட்டிய கையைப் பார்த்தாள், தன் வலது கையைக் கொடுத்தாள். இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாள், விடவில்லை.

“சந்தேகத்த எதுல கேட்டீங்க சார்?”

“என்னம்மா?”

“வாய்ஸ் நோட்டுலதானே? மன்னிப்பும் வாய்ஸ் நோட்டுல போடுங்க. அதே குரூப்பு, அதே சத்தம். நான் நிக்கிறேன்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். சுகுணா மேடம் தன் போனைப் பார்த்தார். பெற்றோர்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். உதவிக்கு யாரும் இல்லை. அன்புச்செல்வி கையை விட்டதும் அவர் போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார். “வணக்கம் பிளேயர்ஸ்” என்று ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமினார். அன்புச்செல்வி என்ற பெயரை முழுசாகச் சொல்லி, தான் சொன்னது தப்பு என்றார். அவளுடைய போன் துப்பட்டா முடிச்சுக்குள் அதிர்ந்தது. அதிர்ந்ததைக் கேட்டுவிட்டுத்தான் அவள் செருப்பைத் தேடினாள்.

பாலாஜி மாடிப்படிவரைக்கும் கூடவே வந்தான். இடம் போனவன். அதற்குண்டான வாட்டம் முகத்தில் இருந்தது, மறைக்கவும் தெரியவில்லை.

“அக்கா, அந்த ராஜா ராஜா எதுக்க நிக்கிற மேட்டர். ரெண்டு தடவ அதுலயே மாட்டிட்டேன். சொல்லித் தருவீங்களா? சார்கிட்ட கேட்டா புக்க எடுத்து நீட்டுறாரு.”

“ஆதனக்கோட்டைக்கு வா. கொட்ட ஒடச்சுக்கிட்டே சொல்றேன்.”

அவன் தன் விரல்களைப் பார்த்தான். “கை போயிருமேக்கா.”

“ஒனக்கு இன்னொரு கை இருக்குல்ல?” என்றாள் அன்புச்செல்வி. ஷர்லி ஏற்கெனவே கீழே போய், தஞ்சாவூர் பஸ் வருகிறது, சீக்கிரம் இறங்கித் தொலை என்று கத்திக்கொண்டிருந்தாள்.